மலை மடமும் போலீஸ் பூட்ஸும்

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கன்னியர் மடத்துக்குப் போய்விட்டு வந்தேன். மன அமைதிக்கு அதைவிட இடம் கிடையாது என்றார்கள். உண்மைதான். மரங்கள், மணியோசை, கறுப்பு அங்கியில் ஆறேழு ஆர்த்தடாக்ஸ் கன்னியாஸ்திரிகள்... எனக்கோ திரும்பும் பஸ் எப்போது வரும் என்றே இருந்தது!

கூட வந்தவர் சவிரிமுத்து. மன்னார்க்காரர். இங்கே ஜெர்மனியில், ஆஹென் நகரத்துப் பக்கத்தில் ஓர் அகதிகள் விடுதியில் இருக்கிறார். ஊரிலிருக்கும் மனைவியிடமிருந்து மூன்று மாதமாகக் கடிதம் இல்லை. மலைமேல் அந்த மடத்தில் கறுத்த முகத்தோடு ஒரு மாதா படம் இருக்கிறது என்று, வாயை வைத்துக்கொண்டு சும்மா இராமல் நான்தான் சொன்னேன்.

"ஒரு மெழுகுதிரி கொளுத்தி அவளுக்காக மன்றாட வேணும் அண்ணை" என்று பிடித்துக்கொண்டார்.

பஸ் மலையேறும்போது மனுஷன் ஸீட்டில் சரிந்து சரிந்து உட்கார்ந்தார்.

"என்ன சவிரி, உடம்பு சரியில்லையா?"

"இல்லை அண்ணை... எங்கட மாவட்டத்தைத் தாண்டிட்டம். நான் இஞ்சால வரேலாது."

அகதி மனு கொடுத்தவர்கள் மாவட்ட எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டுமாம். மாணவர் விசாவோடு ஊர் சுற்றுகிற எனக்கு இது எங்கே தெரியும்?

"சீட்டு கேட்டீங்களா?"

"கேட்டனான். கும்பிடுறதெண்டால் இஞ்சயே சேர்ச் இருக்குத்தானே எண்டிட்டினம். ஏற்கெனவே ஒருக்காப் பிடிபட்டனான். வியாழக்கிழமை விசாரணைக்கு டெர்மின், நாள் குறிச்சுத் தந்திருக்கினம். இப்ப பிடிச்சால் கேஸ் அவ்வளவுதான்."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"சொன்னால் கூட்டிக்கொண்டு வந்திருப்பியளோ?"

மாட்டேன். சத்தியமாக மாட்டேன். ஆனால் திரும்பிப் போக அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்துத்தான்! அமைதியான இடத்துக்குப் போனால் அமைதி வந்துவிடும் என்பது, சட்டைப்பையில் சரியான காகிதம் வைத்திருப்பவர்கள் சொல்லும் கதை.

மடத்துக் கோவில் வாசலில் — பழக்கதோஷம் — இரண்டு பேரும் ஷூவைக் கழற்றிவிட்டோம். அந்தக் குளிரில்! சவிரி மெழுகுதிரியை ஏற்றி மணலில் நட்டுவிட்டு முழங்காலில் நின்றார். ஜன்னல் வழியே பார்த்தேன்... பச்சையும் வெள்ளையுமாக ஒரு போலீஸ் கார்!

மடத்தில் தேன் வாங்க வந்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அதில் ஒருவர் கோவிலைப் பார்க்கலாமென்று நடந்து வந்தார். வாசலில் எங்கள் ஷூக்கள். உள்ளே ஆள் இருக்கிறோம் என்று தண்டோரா போடாத குறை! என் புத்தியை என்னவென்று சொல்ல?

பூட்ஸ் சத்தம் வாசலில் வந்து நின்றது. சவிரியின் உதடுகள் வேகவேகமாக அசைந்தன. பிடிபட்டால் எனக்கென்ன? ஒன்றுமில்லை. அவருக்கு? நினைக்கவே பயமாக இருந்தது.

போலீஸ்காரர் எங்கள் ஷூக்களைப் பார்த்தார். பிறகு, கணுக்காலுக்கு மேலே நாடா கட்டிய தன் பூட்ஸைப் பார்த்தார்.

"உள்ளே போக இதைக் கழற்ற வேண்டுமா?"

வாசலில் நின்ற கன்னியாஸ்திரி, இருட்டுக்குள் எங்களை ஒரு பார்வை பார்த்தார்.

"அவர்கள் கழற்றியிருக்கிறார்கள்" என்றார். பொய்யே இல்லை, பாருங்கள்!

அத்தனை நாடாவையும் அவிழ்த்துக் கட்ட யாருக்குப் பொறுமை? ஐந்து நிமிடத்தில் கார் கிளம்பிவிட்டது.

திரும்பும் பஸ் எங்கள் மாவட்டத்துக்குள் நுழைந்தது. எனக்கு மூச்சு வந்தது. சவிரி அழ ஆரம்பித்தார்.

"ஏன் சவிரி? அதான் தப்பிச்சாச்சே!"

"அவளுக்காக மன்றாட வந்தனான் அண்ணை. பூட்ஸ் சத்தம் கேட்டவுடன எல்லாம் மறந்துபோச்சு. 'மாதாவே, அவன் உள்ள வரக்கூடாது' எண்டு அதை மட்டும்தான் திருப்பித் திருப்பிக் கேட்டனான்."

அவர் கேட்டது என்னவோ கிடைத்துவிட்டதே!