முன்னால் வராத விண்டோ

செகந்திராபாத்தை ஒட்டிய ஹப்சிகுடா அலுவலகத்தில் ஒரே கணினியின் முன் இரண்டு நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு நாங்கள் சண்டையிட்ட மதியம்தான் இன்றும் முதலில் நினைவுக்கு வருகிறது. பட்டான்செருவில் இருந்த ஒரு மருந்துத் தொழிற்சாலைக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தோம். கொதிகலனின் வெப்பம் எல்லை மீறினால் எச்சரிக்கை விண்டோ திறக்க வேண்டும். திரைக்குப் பின்னாலிருந்து முடிவுகளை எடுக்கும் வியூ மாடல் என்ற பகுதியிலேயே, விண்டோவைத் திறக்கும் வரியையும் நான் எழுதியிருந்தேன். என் சக ஊழியை தலையில் கை வைத்துக்கொண்டாள். செகந்திராபாத்தில் தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண். அவள் தமிழில் ஊரின் உருதும் கலந்திருக்கும்.

“நக்கோ பா, வேணாம். எச்சரிக்கை காட்டணும்னு வியூ மாடல் கேட்டா போதும். எந்த விண்டோ, எப்படித் திறக்கும்னு அதுக்கு எதுக்கு? டெஸ்ட் தானா ஓடும்போது விண்டோ திறந்து நின்னுடுச்சுன்னா யார் வந்து ஓகே அழுத்துவா?”

இரண்டு நாள் முறைத்துக்கொண்டோம். பிறகு, கேட்டதும் விண்டோவைத் திறந்து தரும் வேலையை மட்டும் செய்யும் தனிப் பகுதி ஒன்றைச் சேர்ந்தே எழுதினோம்.

மென்பொருளை நிறுவப் போன அன்று தொழிற்சாலையில் திரை உறைந்துபோனது. எந்தப் பொத்தானும் வேலை செய்யவில்லை. மேற்பார்வையாளர் கையைக் கட்டிக்கொண்டு எங்களையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள்தான் கண்டுபிடித்தாள்: எச்சரிக்கை விண்டோ பெரிய விண்டோவுக்குப் பின்னால் திறந்து, யாராவது பதில் சொல்வார்கள் என்று காத்திருந்தது. எதற்கு மேலே வர வேண்டும் என்று நாங்கள் அதற்குச் சொல்லியிருக்கவில்லை. அந்தத் தனிப் பகுதியில் மட்டும் ஒரு வரி சேர்த்தோம். எல்லா எச்சரிக்கைகளும் முன்னால் வந்துவிட்டன. “அப்பவே சொன்னேன்ல” என்று அவள் சொல்லவில்லை. சிரித்தாள், அவ்வளவுதான்.

திரும்பும் ஷேர் ஆட்டோவில், நெரிசலுக்கிடையே, கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, டப்ளின் போகிறேன் என்றாள். வாழ்த்துச் சொன்னேன். வேறு ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆட்டோவில் யாரோ இறங்க வேண்டும் என்று கத்தினார்கள்.

போன மாதம் அந்த மென்பொருளை நிறுத்திவிட்டார்கள். எல்லாம் பிரவுசருக்குப் போய்விட்டது. அன்று மாலை பல வருடங்களுக்குப் பிறகு அவளை அழைத்தேன். அவள் மகன் எடுத்து, ஆங்கிலத்தில் யாரென்று கேட்டு, அவளிடம் கொடுத்தான். செய்தியைச் சொன்னேன். வேலையை விட்டுப் பல காலமாகிறது என்றாள். அவள் கணவர் தெலுங்குக்காரர் என்பது எனக்குத் தெரியும். பேச வேறெதுவும் இல்லாமல், “சரி, வைக்கட்டுமா?” என்றேன்.

“வைக்காத பா. எதாச்சும் பேசிட்டே இரு. வீட்டுல தமிழ் கேட்டு ரொம்ப நாளாச்சு.”