ஈரச் சுவரை மூடினேன்

மலைமேல் வாழவந்தி நாடு என்ற ஊரில் எங்கள் வீடு. மழைக்காலத்தில் படுக்கையறைச் சுவரில் ஈரம் ஊறிக் கறை படியும். மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும், கறையை மறைக்கப் பிளாஸ்டிக் பலகையான பி.வி.சி. பேனல் ஒட்டச் சொன்னேன்.

"வெளிப்பூச்சு வெடிச்சிருக்குதுங்கக்கா. அதை அடைச்சு, சுவரு காஞ்சதும் ஒட்டலாமுங்க" என்றார் வேலைக்கு வந்தவர்.

"அதுக்கெல்லாம் நாளில்லீங்க, ஒட்டிருங்க" என்றேன். அறை மின்னியது. வந்தவர்களும் பாராட்டினார்கள்.

சில மாதங்களில் என் கணவருக்கு இருமல் பிடித்தது. அந்தச் சுவரோரம்தான் அவர் கட்டில். எந்த மருந்துக்கும் கேட்கவில்லை. நாமக்கல் டாக்டர், "வீட்ல ஈரச் சுவர் இருக்குதா?" என்று கேட்டார். வீட்டுக்கு வந்து பேனலைப் பெயர்த்தோம். பின்னால் சுவர் முழுக்கக் கரும்பூஞ்சை.

அந்தப் பூஞ்சையைச் சுவாசித்து நுரையீரல் கெட்டது கெட்டதுதான் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். ஏணி வைத்து மிளகு பறித்தவருக்கு இன்று வாசல்வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது. "உடு புள்ள, தெரிஞ்சா செஞ்ச" என்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது வெளிவெடிப்பை அடைத்து, உள்ளே சுண்ணாம்பு மட்டும் அடித்திருக்கிறேன். கட்டிலைத் தள்ளிப் போட்டு, வெயில் வந்ததும் ஜன்னலைத் திறக்கிறேன். சுவர் காய்ந்துவிட்டது. அவருடைய மூச்சுதான் திரும்பவில்லை.