தெராமானின் ஈயப் பம்பரம்

மலேசியாவின் கிளந்தானில் அறுவடை முடிந்தால் வளர்ந்த ஆண்கள் பம்பரம் விடுவார்கள். சாப்பாட்டுத் தட்டு அகலம், ஐந்து கிலோ கனம். கயிறு சுற்றி வீசி, சுழலும்போதே மரத் துடுப்பால் அள்ளிக் கட்டைமேல் நிறுத்துவார்கள். கடைசிவரை நிற்பது ஜெயிக்கும். சொந்தக்காரன் போட்டிக் கொட்டகையை விட்டு வெளியேறினால் அவன் பம்பரம் விழுந்ததாகவே அர்த்தம்.

தேங்காய் வேன் ஓட்டும் தெராமான் ஏழு வருஷம் தோற்றான். எட்டாம் வருஷம் பம்பரத்தின் நடுமரத்தைக் குடைந்து குறைத்து, ஈயத்தை உருக்கி விளிம்பைச் சுற்றி வார்த்தான். மொத்த எடை அதே ஐந்து கிலோதான். கனமெல்லாம் ஓரத்துக்குப் போய்விட்டது.

வீசிப் பார்த்த கூட்டாளி ஜூசோ தோளைத் தேய்த்துக்கொண்டான். "என்னடா இது, சுத்தவே மாட்டேங்குது?"

"ஓரத்துல கனம் இருந்தா கிளப்புறது கஷ்டம்டா. கிளம்பிட்டா நிறுத்துறதும் கஷ்டம்."

நிறைமாதமாயிருந்த மனைவி எசா சிரித்தாள். புருஷனை அவள் அபே, அதாவது அண்ணா, என்றுதான் கூப்பிடுவாள். "உங்க ஓட்டை வேனும் அப்படித்தானே அபே? உங்க கைக்கு மட்டும்தானே கிளம்புது."

போட்டியன்று பம்பரங்கள் சுழலத் தொடங்கிய இருபத்தைந்தாவது நிமிஷம் பக்கத்து வீட்டு செ நப் மூச்சிரைக்க ஓடி வந்தாள். அப்போது இரண்டே பம்பரங்கள் மிச்சம்: இவனுடையது, பக்கத்து ஊருடையது.

"எசாவுக்கு வலி வந்துடுச்சு. ரத்தம் நிக்கல. வேனை எடு."

"இதோ அக்கா, அவங்களது ஆடுது பாருங்க. ரெண்டே நிமிஷம்."

அது ஆடவேயில்லை. அவன் கண்ணுக்குத்தான் ஆடியது. செ நப் கெஞ்சினாள், திட்டினாள், தலையில் அடித்துக்கொண்டாள். அவன் ஒரு விரலை நீட்டித் தன் பம்பரத்தைத் தொட்டிருந்தால் போதும், பாவி தொடவில்லை. ரெண்டு நிமிஷம், இன்னும் ரெண்டு நிமிஷம் என்றே முக்கால் மணி நேரத்தைத் தள்ளினான். பக்கத்து ஊர்ப் பம்பரம் சாய்ந்தது. கைதட்டல் அடங்குமுன் வேனுக்கு ஓடினான்.

ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எசா போய்விட்டாள். வயிற்றுப் பிள்ளையும் பிழைக்கவில்லை. ஊர் அவனை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்றுதான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

மறு வருஷம் அதே நாளில் தெராமான் ஈய வளையத்தை நெம்பி எடுத்தான். வெறும் மரத்தை முற்றத்தில் சுழலவிட்டுக் கடிகாரத்தோடு எதிரே உட்கார்ந்தான். சுலபமாகக் கிளம்பியது, வேகமாகவும் சுற்றியது. பிறகு தள்ளாடி விழுந்தது.

பதினெட்டு நிமிஷம். ஈயம் வார்க்காமல் இருந்திருந்தால், செ நப் வருவதற்கு ஏழு நிமிஷம் முன்பே தோற்று, வீட்டுக்குப் போயிருப்பான்.