பலகையில் ஐந்தடித் தண்ணீர்

எங்கள் சித்தேரி மதகில் அடிப்பலகை வைத்தது ஒரு வைகாசி மாதம். இரண்டாம் யுத்தத்துக்கு முந்தைய வருஷங்களில் ஒன்று. நான் ஐந்தாம் பாரம், அதாவது இன்றைய பத்தாம் வகுப்பு, போகவிருந்தேன். வருஷத்தைத் திட்டமாகச் சொல்ல முடியவில்லை, ஏனென்றால் என் நோட்டின் முதல் தாள் கிழிந்துபோய்விட்டது. மற்றத் தாள்களில் மாதமும் தேதியும் இருக்கின்றன. ஆகவே வருஷம் தவிர மற்றவற்றுக்கு நான் பொறுப்பு.

ஏரி மேனாம்பேட்டுக்கு மேற்கே இருந்தது. பலகை வருவதற்கு முன் மதகில் ஒரு கருங்கல் தூண் நின்றது. அதில் பத்து வெட்டுகள். தண்ணீர் எந்த வெட்டைத் தொடுகிறதோ அதுதான் ஏரியின் அளவு: "ஏழு வெட்டுத் தண்ணி", "நாலு வெட்டுத் தண்ணி" என்பார்கள். வெட்டுகள் ஒரே சீராக இல்லை. மேலே நெருங்கியும் கீழே விலகியும் இருக்கும். கல்தச்சன் கள் குடித்துவிட்டு வெட்டினான் என்று ஊரில் ஒரு கேலி உண்டு. மதகு மராமத்தின்போது தூணைப் பிடுங்கி வாய்க்கால் கரையில் போட்டார்கள். பெண்கள் அதில் துணி துவைத்தார்கள். தூண் இருந்த இடத்தில் பூஜ்யம் முதல் பத்து வரை கறுப்பு எண் எழுதிய தேக்குப் பலகை ஒன்று வந்தது. ஓர் எண்ணுக்கு ஓர் அடி.

எண்ணைக் கண்டால் தேதியோடு எழுதிவைப்பது எனக்கு அப்போதே பழக்கம். பள்ளிக்கூடம் பெரம்பூர்ப் பக்கம். அம்பத்தூர் ஸ்டேஷனுக்கு நடக்கும் வழியில் ஏரிக்கரை. தினம் பலகையைப் பார்ப்பேன். தண்ணீர் ஓர் எண்ணைத் தொட்ட நாளை மட்டும் நோட்டில் எழுதுவேன். அந்தக் கார்த்திகையில் மழை நின்றபிறகு எழுதியது இது: கார்த்திகை 14, பத்து. மார்கழி 4, ஒன்பது. மார்கழி 21, எட்டு. தை 8, ஏழு. தை 20, ஆறு. மாசி 1, ஐந்து. நடவு பின்தங்கிய வருஷமாதலால் சம்பாவுக்கு மதகு தை முடியும் வரை ஒரே அளவில் திறந்திருந்தது.

ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்லவேண்டும். சம்பா அறுத்ததும் ஏரியில் எத்தனை வெட்டு என்று பார்ப்பார்கள். ஐந்து இருந்தால் நிலம் முழுவதும் நவரை, அதாவது கோடை நெல், நடலாம். மூன்று இருந்தால் பாதி நிலம். அதற்கும் குறைவென்றால் ஏரியை மாடு குளிப்பாட்ட விட்டுவிடுவார்கள். நவரைக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் மதகு திறக்கும். நட்டபின் எண்பது நாளுக்காவது தண்ணீர் வேண்டும்.

மாசி முதல் தேதி காலையில் பெரியப்பா கரையேறிப் பார்த்துவிட்டு வந்தார். ஊரில் நிலம் அதிகம் உள்ளவர் அவர்தான்.

"அஞ்சு கீதுடா. பாதி ஏரி அப்டியே நிக்குது. முழுக்க நட்டுடலாம்."

நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முழு நிலத்துக்கும் நாற்று விட்டிருந்தார். நாற்றங்காலுக்குப் போட்டது வீட்டிலிருந்த கடைசி விதைநெல். நட்டது கருகினால் அடுத்த தை வரை வீட்டில் சாப்பாட்டுக்கு நெல் கிடையாது. சம்பா அந்த வருஷம் பாதிதான் கண்டிருந்தது.

பள்ளிக்கூடத்தில் அதே மாதம் விருத்திக் கணக்கு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வோர் எண்ணும் முந்தையதைவிட ஒரே அளவு கூடினாலோ குறைந்தாலோ கூட்டல் விருத்தி. ஒரே மடங்கில் பெருகினாலோ சிறுத்தாலோ பெருக்கல் விருத்தி, இங்கிலீஷில் ஜி.பி. முதல் எண்ணையும் கடைசி எண்ணையும் கூட்டு, எண்ணிக்கையால் பெருக்கு, பாதியாக்கு. அது கூட்டல் விருத்தியின் தொகை. சூத்திரத்தை நான் மனப்பாடம் செய்து மார்க்கும் வாங்கியிருந்தேன். அது ஏன் சரி என்று கேட்டிருந்தால் விழித்திருப்பேன். பெருக்கல் விருத்தியில் வாத்தியார் சொன்ன ஒன்று எனக்கு இன்னும் ஆச்சரியமாக இருந்தது: பாதி, அதில் பாதி, அதிலும் பாதி என்று எத்தனை தரம் கூட்டினாலும் ஒன்றைத் தாண்டாது, முடியவும் முடியாது.

பாடியிலிருந்து வரும் கூட்டாளி ஒருவன் பகல் இடைவேளையில் என்னோடு உட்கார்ந்து சோறு தின்பான். என் நோட்டை அவனிடம் காட்டினேன். ஓர் அடி இறங்க எத்தனை நாள் ஆனது என்று ஓரத்தில் எழுதியிருந்தேன்: பத்தொன்பது, பதினேழு, பதினாறு, பன்னிரண்டு, பதினொன்று.

"இது ஜி.பி.டா மாமே," என்றான் அவன், வாயில் சோற்றோடு. "பதினாறு, பன்னெண்டு. முக்கால் முக்காலா எறங்குது பாரு. ஜி.பி. முடியவே முடியாதுன்னு வாத்தியாரே சொல்லிட்டாரு. உங்க ஏரி வத்தவே வத்தாது. உங்க நைனாவ மூணு போகம் நடச் சொல்லு."

"பன்னெண்டுல முக்கால் ஒம்போதுடா. இங்க பதினொண்ணு கீது."

"ஒரு எடத்துல ஏரிக்குக் கணக்கு தப்பிப்போச்சு. அதுக்கின்னா, பிரம்பால அடிப்பியா?"

சிரித்துவிட்டேன். ஆனால் அந்தப் பதினாறும் பன்னிரண்டும் என்னை விடவில்லை. சாயங்காலம் ரயிலில் வரும்போது நோட்டின் முந்தைய பக்கத்தைப் புரட்டினேன். தை 7 அன்று "பூந்தமல்லி, அக்கா வீடு" என்று எழுதியிருந்தது. அன்று நான் ஊரிலேயே இல்லை. மறுநாள் திரும்பிவந்து பலகையைப் பார்த்தபோது தண்ணீர் ஏழைத் தொட்டிருந்ததால் எட்டாம் தேதி என்று எழுதிவிட்டேன். அது தொட்டது முந்தின நாளாக இருக்கலாம். அப்படியானால் பதினாறு என்பது பதினைந்து. பன்னிரண்டு என்பது பதின்மூன்று.

பத்தொன்பது, பதினேழு, பதினைந்து, பதின்மூன்று, பதினொன்று. இரண்டு இரண்டாகக் குறைகிறது.

வீட்டுக்கு வந்து மீதியையும் எழுதினேன்: ஒன்பது, ஏழு, ஐந்து, மூன்று, ஒன்று. பத்து அடிக்குப் பத்து எண்கள். வாத்தியார் கரும்பலகையில் செய்துகாட்டியதுபோல அதே வரிசையை அதன் அடியில் தலைகீழாக எழுதினேன். பத்தொன்பதுக்குக் கீழே ஒன்று, பதினேழுக்குக் கீழே மூன்று. எந்த ஜோடியைக் கூட்டினாலும் இருபது வந்தது. பத்து இருபது இருநூறு. ஒரே வரிசையை இரண்டு முறை எழுதியிருப்பதால் அதில் பாதி, நூறு. சூத்திரம் ஏன் சரி என்பது அன்றைக்குத்தான் புரிந்தது. புரிந்த சந்தோஷம் அதிக நேரம் நிற்கவில்லை. மேல் ஐந்து அடி எழுபத்தைந்து நாள் ஓடிவிட்டது. மிச்சம் இருபத்தைந்து நாள்.

காரணம் கண்ணெதிரே இருந்தது. ஏரி கரையோரம் ஆழம், எதிர்ப்பக்கம் சரிந்து மேடாகப் போகும். தண்ணீர் இறங்க இறங்க அதன் அகலம் சுருங்கும். மேலே ஓர் அடித் தண்ணீர் என்பது பரந்து கிடப்பது. கீழே ஓர் அடி என்பது ஒரு மூலையில் கிடப்பது. பலகையில் பாதி என்றால் ஏரியில் கால்.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் திறந்தால் இருபத்தைந்து நாள் தண்ணீர் ஐம்பது நாளுக்கு வரும். பயிருக்கு வேண்டியது எண்பது.

நைனாவிடம் சொன்னேன். அவர் மண்வெட்டிக்குப் பிடி போட்டுக்கொண்டிருந்தார். பிடியை இறுக்கிக்கொண்டே கேட்டார்.

"எங்கப்பன், அவுரு அப்பன், அத்தினி பேரும் அஞ்சுக்குத்தான் முழுசா நட்டாங்க. நீ சொல்ற கணக்கு சரின்னா அவுங்கல்லாம் பட்டினில செத்திருக்கணும். நீ பொறந்தே இருக்க மாட்டே. இன்னா சொல்றே?"

கணக்கில் பிழை இல்லை. தாத்தாவும் பட்டினியால் சாகவில்லை. இரண்டில் ஒன்றை விடவேண்டும்போல் இருந்தது. இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் நடந்தேன். மூன்றாம் நாள் காலை, வாய்க்கால் கரையில் துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்துபோகும் வரை காத்திருந்து, ஒரு கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கல்தூணை அளந்தேன்.

அடியிலிருந்து முதல் வெட்டுக்கு மூன்று அடிக்குமேல். அதிலிருந்து இரண்டாவதற்கு ஒன்றேகால் அடிக்குச் சற்று அதிகம். மேலே போகப் போக நெருங்கி, கடைசி இரண்டு வெட்டுக்கும் நடுவே அரை அடி. ஐந்தாம் வெட்டு ஏழு அடி உயரத்தில் இருந்தது. என் வரிசையைக் கீழிருந்து ஏழு அடிக்குக் கூட்டிப் பார்த்தேன்: ஒன்று, மூன்று, ஐந்து என்று பதின்மூன்று வரை. நாற்பத்தொன்பது. நூற்றில் பாதிக்கு ஒன்று குறைவு.

கல்தச்சன் குடித்திருக்கவில்லை. அவன் வெட்டியது உயரத்தை அல்ல, தண்ணீரை. ஒவ்வொரு வெட்டும் ஏரியில் பத்தில் ஒரு பங்கு. தாத்தா ஐந்து என்றபோது ஏரியில் பாதி இருந்தது. பெரியப்பா அதே ஐந்தைப் பலகையில் படித்துவிட்டார்.

நைனாவை அழைத்துவந்து காட்டினேன். அவர் கயிற்றை வாங்காமல் கையால் முழம் போட்டு அளந்தார், இரண்டு தரம். பிறகு கல்லின்மேல் உட்கார்ந்தார்.

"அப்ப நம்ம கிட்ட கீறது எத்தினி வெட்டு?"

"ரெண்டரை."

"மூணு கூட இல்ல."

நாங்கள் மட்டும் நிலத்தைக் குறைத்துப் பயனில்லை. தண்ணீர் பொது. மற்றவர்கள் முழுக்க நட்டால் எல்லோருடைய பயிரும் ஒரே நாளில் காயும். அன்று மாலை மதகருகே எல்லோரும் கூடியபோது நைனா பேச்சை எடுத்தார்.

பெரியப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு, "பள்ளிக்கூடத்துப் புள்ள சொல்றான்னு நாத்த மாட்டுக்குப் போடணுமா? ஏண்டா, உங்க வாத்தியாரு வந்து களை எடுப்பாரா?" என்றார். சிரிப்பு எழுந்தது.

"அவன் சொல்லல. கல்லு சொல்லுது. வந்து மொழம் போட்டுப் பாரு."

"குடிகாரன் வெட்ன கல்லு. அத்தப் போயி சாட்சிக்கு இட்டுகினு வர்றியே."

கரைக்குக் கீழே மதகு திறப்பவர் நின்றிருந்தார். சேரியைச் சேர்ந்தவர். அவர் மேலே வருவதில்லை, யாரும் வரச்சொல்வதுமில்லை. அங்கிருந்தே பேசினார்.

"ஆண்டே, கல்லு இருந்தப்ப ஒரு வெட்டுக்குப் பத்து நாளு. மேல் வெட்டும் பத்து, அடி வெட்டும் பத்து. இருவது வருசமா தொறக்கறேன். இந்தப் பலகைல மேலடி இருவது நாளு நின்னுது. இப்ப எறங்குன அடி பதினோரு நாள்ல பூட்ச்சு."

நான் நோட்டைப் பிரித்துத் தேதிகளைப் படித்தேன். அவர் நாள் எண்ணியது நோட்டில்லாமல். ஆனாலும் ஒரு நாளுக்குமேல் வித்தியாசம் வரவில்லை.

"இத்த ஏண்டா முன்னயே சொல்லல?" என்றார் பெரியப்பா.

"நீங்க கேக்கலியே ஆண்டே."

பெரியப்பா வாய்க்கால் கரைக்கு இறங்கிப்போய் அவரும் முழம் போட்டார். இருட்டும் வரை வாதம் நடந்தது. இரண்டரை வெட்டுக்கு நவரையே வேண்டாம் என்றார் ஒருவர். நாற்று முற்றுகிறது, என்ன செய்வது என்றார் இன்னொருவர். கடைசியில் ஒவ்வொருவரும் தம் நிலத்தில் பாதி நடுவது, ஒரு நாள் விட்டு ஒரு நாள், அதுவும் மதகை அரைவாசி மட்டும் திறப்பது என்று முடிந்தது. அப்படிச் செய்தால் நூறு நாள் வரும் என்று நான்தான் கணக்குச் சொன்னேன்.

மாசி 5 நடவு. எங்கள் நாற்றில் பாதியை நைனா பிடுங்கி மாட்டுக்குப் போட்டார். அம்மா அந்தப் பக்கம் வரவில்லை.

பங்குனி முழுவதும் கணக்குப்படியே போனது. சித்திரை பிறந்ததும் பிசகியது. பலகையில் தண்ணீர் நான் எழுதிவைத்த தேதிக்கு நான்கு நாள் முன்னதாக இறங்கியது, அடுத்து ஒன்பது நாள். மதகு மூடிய நாளிலும் இறங்கியது. எங்கே போகிறது என்று ஒரு நாள் முழுக்க மடையில் ஓட்டை தேடினேன். மதகு திறப்பவர் வானத்தைக் காட்டினார். கடைசி அடியில் பாதி தண்ணீர், பாதி சேறு. சித்திரை 26, நட்ட எண்பத்தொன்றாம் நாள், மதகில் தண்ணீர் வருவது நின்றது. பயிர் பால் பிடித்துக் கதிர் சாய்ந்திருந்தது. வாய்க்கால் கடைசியில் இருந்த இரண்டு வயல்களில் மட்டும் பச்சை மாறவில்லை. அவற்றுக்குக் குழியில் தேங்கியதை ஏற்றம் போட்டு ஐந்து நாள் இறைத்தோம். பெரியப்பாவும் வந்து ஏற்றம் மிதித்தார். அந்த இரண்டும் பாதிக்குப் பாதி பதராயின. மற்ற வயல்கள் விளைந்தன. ஐம்பதாம் நாளே தண்ணீர் நின்றிருந்தால் பயிர் கதிருக்குப் பொதிகூடக் கட்டியிராது.

களத்தில் நெல்லைத் தூற்றி முடித்த மாலை நைனா என்னைப் பார்த்துக் கேட்டார்.

"நூறுன்னு சொன்னியே."

"எம்பத்தொண்ணுதான் வந்துது நைனா. வெயில் குடிச்சத கணக்குல சேக்கல."

"கார்த்திகைல வெயில் கம்மி. சித்திரைல அப்டியா?" முறத்தைத் தட்டிவிட்டு எழுந்தார். "அடுத்த வாட்டி அத்தையும் சேத்துப் போடு. இப்ப வா, மூட்டைய ஒரு கை புடி."