அம்மிக்குக் கேட் பாஸ்

அறுத்தாலும் தானாக ஒட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக்: மூன்று வருடமாக என் ஆராய்ச்சி அதுதான். ஒட்டத்தான் செய்யும். இழுத்தால் ஒட்டின இடத்திலேயே பிய்ந்துபோகும். பலம் கூட்ட நானோ களிமண் கலந்தேன். கண்ணுக்குத் தெரியாத பொடி அது. அதனால் நான் பட்ட பாடு ஊருக்கே தெரியும்.

பட்டையை இழுத்துப் பலம் பார்க்கும் கல்லூரி இயந்திரம் ஒன்றரை மாதம் காத்திருந்து ஒரே ஒரு காலைக்குக் கிடைத்தது. அதைத் தவறவிட்டால் அந்த வருடம் பட்டம் இல்லை. முந்தின மாலை பேகம்பூர் வீட்டில் பத்துப் பட்டைகளைப் பாதியாக அறுத்து, ஜோடி ஜோடியாக ஒட்டவைக்கப் பேப்பரில் பரப்பியிருந்தேன். உலை பொங்கியது, அடுப்படிக்கு ஓடினேன்.

என் வீட்டுக்காரர் தோல் பை தைப்பவர். ஒட்டும் பொருளைத் திறந்து போட்டால் தூசி உட்காரும், அடுக்கிக் கனம் வைக்க வேண்டும் என்பது அவர் தொழில் சட்டம். “ஒம் சாமானெல்லாம் பத்திரமா எடுத்து வச்சுட்டேன்” என்றார். நம்பித் தூங்கினேன்.

காலையில் பார்த்தால் அம்மிக்கு அடியில் இருபது துண்டும் ஒரே கட்டி. தோல் வெட்டும் கத்தியால் அவரே பிரிக்க உட்கார்ந்தார். ஒரு பக்கம் அறுத்து மறுபக்கம் போவதற்குள் முதல் அறுப்பு மூடிக்கொண்டது.

“என்ன புள்ள இது, பேய் புடிச்ச ரப்பரா இருக்கு?”

“கைய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா? எம் மூணு வருசம் போச்சு!” என்று கத்தினேன். அழுகையும் வந்தது. கட்டியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பேராசிரியர் அதைப் புரட்டிப் பார்த்தார். எல்லா ஒட்டுகளும் வரும்படி குறுக்கே ஒரு பட்டை வெட்டி இயந்திரத்தில் மாட்டச் சொன்னார். நீண்டது, நீண்டது, கடைசியில் அறுந்தது. ஒட்டின இடத்தில் அல்ல.

“எம்புட்டு அழுத்தம் குடுத்தம்மா?”

“ஒரு அம்மி சார்.”

அவர் சிரிக்கவில்லை. “கொண்டு வா. மெஷினுக்கு நான் சொல்லி நேரம் வாங்கித் தர்றேன். இன்னும் மூணு தடவ இதே மாதிரி வந்தாத்தான் நம்புவேன்.”

மறுநாள் ஆட்டோவில் அம்மியோடு போனேன். வாட்ச்மேன் மறித்தார். “கம்ப்யூட்டருக்குப் பாஸ் இருக்கு, அம்மிக்கு இல்லம்மா.” நெடுநேரம் யோசித்து, ‘ஆய்வுக் கருவி’ என்று எழுதி உள்ளே விட்டார். வீட்டில் இரண்டு வாரம் துவையல் இல்லை. மூன்று தடவையும் ஒட்டுகள் நின்றன. அதுவரை நான் விரலால்தான் அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

திட்டியதற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. ஆய்வேட்டின் நன்றிப் பக்கத்தில் முதல் வரியாக அவரை எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

“ராத்திரி பூரா கனம் தாங்குனது அம்மி. அதுக்கு ஒரு வரி இல்லையா?”

எழுதிச் சேர்த்தேன்.