மூர்த்தி சார் கேட்காமல் விட்டது

தந்தி வந்தபோது நான் தேர்வு அறையில் மேற்பார்வையில் இருந்தேன். அலுவலக உதவியாளர் வாசலில் நின்று தயங்கித் தயங்கி உள்ளே வந்து கொடுத்தார். கலசப்பாக்கத்திலிருந்து மூர்த்தி சாரின் தம்பி அனுப்பியிருந்தார். அண்ணன் காலமானார், உடனே வரவும். மணி அடிக்க இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. ஒரு பெண் கூடுதல் தாள் கேட்டாள், கொடுத்தேன். இன்னொருத்தி அதைக் கட்ட நூல் கேட்டாள், அதையும் கொடுத்தேன். எனக்குப் பதிலாக நிற்க ஆள் இல்லை. மூர்த்தி சார் பார்த்திருந்தால், பரீட்சை ஹாலில் மூக்கைச் சிந்தும் டீச்சரை இப்போதுதான் பார்க்கிறேன் என்று கேலி செய்திருப்பார். நான் நிஜமாகவே சிந்திக்கொண்டுதான் இருந்தேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலர் அவரோடு வேலை பார்த்தவர்கள், அவரிடம் படித்தவர்கள். காந்தப் பொருட்களை ஆராய்ந்த இயற்பியல் பேராசிரியர் என்று அவரை அறிவீர்கள். அவருடைய முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வில் நடந்ததும் உங்களுக்குத் தெரியும். தன் கையால் செய்த கருவி ஓரிடத்தில் சரியாக நிற்கவில்லை என்று அவரே எல்லார் முன்னாலும் ஒப்புக்கொண்டார். அதைச் சொல்லிப் பத்து வருடமாகச் சிரித்து வந்திருக்கிறோம். இரங்கல் கூட்டத்தில்கூட ஒருவர் அன்போடு அதைச் சொன்னார், கூட்டமும் அன்போடு சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. இதை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

எழுபதுகளின் நடுவில் எங்கள் கல்லூரிக்கு ஜவ்வாது மலையை ஆராயச் சொல்லி ஒரு திட்டம் வந்தது. மூலிகை பார்ப்பவர், பேச்சு வழக்கைப் பதிவு செய்பவர், மண்ணைப் பார்ப்பவர், பாறைகளின் காந்தத்தை அளக்கும் மூர்த்தி சார், மலைப் பிள்ளைகளுக்குச் சமயக் கல்வி எப்படிக் கிடைக்கிறது என்று பார்க்கப் போன நான். பாடங்கள் ஐந்து, ஜீப் ஒன்று. அந்த ஒரே காரணத்தால்தான் ஒருவர் பாடம் இன்னொருவருக்குத் தெரியவந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து பேரும் மலைப் பள்ளிக்கூட வராந்தாவில் கூடுவோம். அந்த வாரம் கண்டதைச் சொல்ல வேண்டும். ஆனால் தன் பாடத்துச் சொல் ஒன்றுகூட வாயில் வரக்கூடாது. வந்தால் மறுநாள் ஐந்து பேர் பாத்திரமும் அவர் தேய்க்க வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் மூர்த்தி சார். அதிகம் தேய்த்தவள் நான். கல்வித்துறைக்காரர்களுக்குச் சொற்களை எடுத்துவிட்டால் கையில் ஒன்றும் மிஞ்சாது என்று அவர் சொல்லுவார். காந்தம் என்றால் என்ன என்று அவர் சொன்னது இன்றும் எனக்கு மனப்பாடம். "எல்லா இரும்புக்குள்ளயும் இழுப்பு இருக்குதுங்க. ஆனா உள்ள ஒண்ணொண்ணும் ஆளுக்கொரு பக்கம் பாத்துக்கினு நிக்கும். எல்லாம் ஒரே பக்கம் திரும்பிச்சின்னா அதுதான் காந்தம்." அந்த வாரம் அவர் பாத்திரம் தேய்க்கவில்லை.

அவருடைய கருவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பட்டு நூலில் தொங்கும் ஒரு காந்த ஊசி. பக்கத்தில் காந்தத் தன்மையுள்ள பாறை இருந்தால் ஊசி திரும்பும், எவ்வளவு திரும்புகிறது என்று அவர் குறித்துக்கொள்வார். அளக்கும் முன் சாவி, பெல்ட், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றித் தூர வைத்துவிடுவார். செருப்பில் ஆணி இருக்கும் என்று வெறுங்காலோடு நடப்பார். ஒருநாள் நான் வேடிக்கை பார்க்கப் பக்கத்தில் நின்றிருந்தேன். மதியம் வரை அளந்த பிறகுதான் என் சேலையில் இரண்டு ஊக்கு குத்தியிருந்தது தெரிந்தது. அவர் என்னைத் திட்டவில்லை. அன்றைய பக்கத்தை முழுவதும் அடித்துவிட்டார். பிசகைக் கணக்கிட்டுக் கழித்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். "தப்புன்னு தெரிஞ்சத வச்சிக்கினா, அது சரியானதயும் கெடுத்துடும் டீச்சரம்மா" என்றார். மறுநாள் அதே மேட்டில் வெறுங்காலோடு ஏறினார். நான் அடிவாரத்திலேயே உட்கார்ந்துகொண்டேன்.

என் வேலையிலும் அவர் மூக்கை நுழைப்பார். கடவுள் எங்கே இருக்கிறார், யார் உனக்குச் சொன்னார்கள் என்றெல்லாம் கேள்வித்தாள் அச்சடித்துக்கொண்டு போயிருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் ஒரே பதிலை எழுதினார்கள். எனக்கு ஒரே சந்தோஷம். அவர் இரண்டு தாளைப் புரட்டிவிட்டு, இது பிள்ளைகளின் பதில் இல்லை, என் கேள்வியின் பதில் என்று சொன்னார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் கேள்வித்தாளை அடுப்பு மூட்டக் கொடுத்துவிட்டு, சும்மா உட்கார்ந்து பார்க்கத் தொடங்கினேன். என் ஆராய்ச்சி அன்றைக்குத்தான் ஆரம்பித்தது.

இரண்டாவது வருடம் ஒரு மலையூரின் காளி கோயில் தோப்பில் அவருடைய ஊசி சுழன்றது. ஊர்ப் பெயரைச் சொல்ல மாட்டேன். ஊர்ப் பெரியவரிடம் அனுமதி வாங்கி, தோப்பின் ஓரமாகத்தான் அளந்தார். அந்த மலையில் வேறெங்கும் ஊசி அப்படித் திரும்பியதில்லை. புது வகைக் காந்தக் கல் ஒன்று ஆழத்தில் பெரிய பாறையாக இருக்கிறது என்று முடிவு செய்தார். அவருடைய வழிகாட்டிப் பேராசிரியர் ஆளே மாறிப்போனார். முழு ஆராய்ச்சியையும் அந்தத் தோப்பை வைத்தே எழுதச் சொன்னார், கனிமத் துறைக்கும் தெரிவிக்கலாம் என்றார். மூர்த்தி சாருக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பட்டம் வந்தால்தான் பதவி உயர்வு. நெல் விளைச்சலை நம்பிய குடும்பத்தில் அவர் ஒருவர்தான் மாதச் சம்பளக்காரர். அந்த வாரம் சனிக்கிழமை அவர் பேசிய பேச்சில் பாடத்துச் சொற்கள் கொட்டின. ஐந்து பேர் பாத்திரத்தையும் பாடிக்கொண்டே தேய்த்தார்.

நான் தங்கியிருந்த பள்ளிக்கூடத்தில் சமையல் செய்தவர் அதே ஊர்க்காரர், செல்லம்மா. சாமை அறுப்பு முடிந்த சமயம் அவர் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். காரியம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே செல்லம்மா ஒன்றைச் சொல்லிவிட்டார். அந்த ஊரில் ஓர் ஆண் இறந்தால் அவன் உழுத ஏரின் கொழுவை வேறு யாரும் பூட்ட மாட்டார்கள். கலப்பையின் நுனியில் மண்ணைக் கிழிக்கிற இரும்பு அது. மகன் அதைத் தோளில் வைத்துத் தோப்புக்குக் கொண்டுபோய்க் காளியின் காலடியில் புதைக்க வேண்டும். எதற்கு, எப்படி என்று அன்றைக்குத்தான் அவனுக்குச் சொல்லித் தருவார்கள். எத்தனையோ தலைமுறையாக அங்கே கொழு சேர்ந்திருக்கிறது. பெண்களுக்கு இது தெரியாது என்று ஆண்கள் நம்புகிறார்கள். தெரியாத பெண்ணே கிடையாது. ஆனால் வெளியாளிடம் சொன்னால் சொன்னவளை ஊரைவிட்டுத் தள்ளிவைப்பார்கள்.

"அந்த ஆளு கொழுவ எம்மவன் தூக்கினு போனப்போ, நா வூட்டுக்குள்ள முதுகக் காட்டினு நின்னேன்மா" என்றார் செல்லம்மா. பிறகுதான் தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவருக்கு உறைத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருகிட்டயும் சொல்லாத. எழுதியும் வைக்காத." கையில் அடித்துச் சத்தியம் செய்துகொடுத்தேன்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அந்த அம்மாள் அழுதுகொண்டிருக்கும்போது எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். ஒரு மகனுக்குச் சமயம் எப்படிச் சொல்லித் தரப்படுகிறது என்று இரண்டு வருடமாக நான் தேடியது கைக்குக் கிடைத்துவிட்டது, எழுதத்தான் முடியாது. அதற்கப்புறம்தான் மூர்த்தி சாரின் ஊசி ஞாபகம் வந்தது. அவர் அளந்தது பாறையை அல்ல. அச்சுக்குப் போன பிறகு கனிமத் துறையின் ஜீப் வந்து தோண்டினால், கல் இருக்காது. இத்தனை வருட உழைப்பும் பேரும் போய்விடும். தோப்பும் போய்விடும். அதைத் தடுக்க நான் வாயைத் திறந்தால் செல்லம்மா போக வேண்டும்.

ஒரு வாரம் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒளிந்து திரிந்தேன். அடுத்த முறை ஜீப் வேலூருக்குக் கிளம்பியபோது நாங்கள் இருவர் மட்டும் பின்னால் இருந்தோம். போளூர் தாண்டியதும் சொன்னேன்.

"சார், அந்தத் தோப்ப விட்டுடுங்க."

"இன்னா டீச்சரம்மா, அதான் என் ஆராய்ச்சியே."

"தெரியும். காரணம் மட்டும் கேக்காதீங்க. நான் சொன்னா ஒருத்தங்க வாழ்க்கை போய்டும்."

என்னைப் பார்த்தார். அப்புறம் வெளியே பார்த்தார். அவருக்குக் கோபம் வரும், கத்துவார் என்றெல்லாம் தயாராக இருந்தேன். ஜீப் சந்தவாசலில் டீக்கு நின்றது. டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, "நா உங்களக் கேக்கல. ஊசியக் கேட்டுக்கறேன்" என்றார்.

மறுவாரமே மலைக்குப் போனார். இதுவரை தரையில் வைத்து அளந்த கருவியை, மூங்கிலில் மேடை கட்டி ஒவ்வொரு முழமாக உயர்த்தி அளந்தார். ஆழத்தில் பெரிய பாறை இருந்தால், உயர்த்தினாலும் இழுப்பு அவ்வளவு சீக்கிரம் குறையாதாம். இங்கே இரண்டு முழத்திலேயே ஊசி அடங்கிவிட்டது. திரும்பி வந்தவர் பள்ளிக்கூட வராந்தாவில் காலை நீட்டி உட்கார்ந்தார். மிகவும் களைத்திருந்தார். "கல்லு இல்ல டீச்சரம்மா. மேலாக்கயே கெடக்குது. சின்னச் சின்னதா, நெறைய" என்றார். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். உடனே பேச்சை மாற்றி, சமையலறையைப் பார்த்து டீ கேட்டார். டீ கொண்டுவந்து கொடுத்தவர் செல்லம்மாதான்.

அந்த அத்தியாயத்தை முழுவதும் எடுத்துவிட்டார். வழிகாட்டி ஆறு மாதம் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆய்வகத்தில் சூளை வைத்து, ரேடியோப் பெட்டிக்குள் இருக்கிற மாதிரிக் கறுப்புக் காந்த வில்லைகளைச் சுட்டெடுத்து, மலையின் மற்ற அளவுகளை ஓர் அத்தியாயமாக மட்டும் வைத்துக்கொண்டு, ஆராய்ச்சியை வேறொரு பக்கத்திலிருந்து தொடங்கினார். கூடுதலாக மூன்று வருடம் ஆனது. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் இரண்டு பேர் அவரைத் தாண்டிப் பதவிக்குப் போனார்கள்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து வந்திருந்தவர் மலையின் வரைபடத்தை விரித்து, எல்லா இடத்திலும் அளவு இருக்கிறதே, இந்த ஓர் இடம் மட்டும் ஏன் காலி என்று கேட்டார். அங்கே பூமியில் இரும்பு கிடக்கிறது என்று ஒரு வரி சொல்லியிருந்தால் போதும், அவருடைய திறமைக்குக் கைதட்டியிருப்பார்கள். ஆனால் யாராவது மண்வெட்டியோடு போயிருப்பார்கள். "அங்க கருவி சரியா நிக்கலைங்க ஐயா" என்றார் மூர்த்தி சார். அரங்கம் சிரித்தது. ஓர் அளவுக்காகச் செருப்பைக் கழற்றிப் போட்ட மனிதர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நான் மூன்றாவது வரிசையில் இருந்தேன். எழுந்து நிற்கவில்லை.

அதற்குப் பிறகும் எங்கள் நட்புக்கு ஒரு குறையும் வரவில்லை. இரண்டு மூன்று வருடம் கழித்து, போளூர் ரயில் நிலையத்தில் வண்டிக்குக் காத்திருந்தபோது என்னால் தாங்க முடியாமல், இப்போதாவது சொல்லிவிடுகிறேன் சார் என்று ஆரம்பித்தேன்.

"அவங்க இருக்காங்களா?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

"அப்ப வேணாம்" என்றார். வண்டி வரும்வரை தம்பியின் நெல் அறுவடையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

போன ஐப்பசி மழையில் செல்லம்மா இறந்துபோனார். தெரிந்த அன்றே நான் மூர்த்தி சாரிடம் போயிருக்க வேண்டும். கடிதத்தில் எழுதுகிற விஷயமா, பொங்கல் லீவில் நேரில் போய்ச் சொல்லலாம் என்று இருந்தேன். பொங்கலுக்கு விருந்தாளிகள் வந்தார்கள். விடைத்தாள் வந்தது. தேர்வு முடியட்டும் என்று இருந்தேன். தந்தி வந்துவிட்டது.

பதினாறாம் நாள் அவர் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மாளுக்கும் ஒன்றும் தெரிந்திருக்கவில்லை. தோப்பைப் பற்றி எப்போது கேட்டாலும், அது டீச்சரம்மாவுடைய பாடம், என் பாடம் இல்லை என்று சொல்லிவிடுவாராம். அப்புறம் மலைக்குப் போய்ச் செல்லம்மாவின் மகன் பொன்னனைப் பார்த்து, நான் சத்தியத்தை மீறப்போகிறேன், அதற்கு அனுமதி வேண்டும் என்றேன். "அந்த ஊசிக்காரருக்காகன்னா எழுதுங்கம்மா. ஊரு பேரு மட்டும் வேணாம்" என்றான்.

மூர்த்தி சாரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: எதிரில் இருப்பவர் சொல்ல முடியாமல் தவிக்கும்போது, நான் இன்னொரு கேள்வி கேட்பதில்லை. என் மாணவிகள் கேள்வித்தாளோடு கிளம்பும்போதும் இதைத்தான் சொல்லி அனுப்புகிறேன். அவரளவுக்கு எனக்குப் பொறுமை இல்லை, ஆனாலும் முயல்கிறேன்.

சார், அந்தத் தோப்பில் இருந்தது கொழு. உழுது செத்துப்போனவர்களின் கொழு. உங்கள் கருவி அங்கே சரியாகத்தான் நின்றது. அன்றைக்கு அந்த அரங்கத்தில் எழுந்து நின்று சொல்லாததை இன்று சொல்கிறேன், கேட்பதற்கு நீங்கள்தான் இல்லை.