நூலைத் தாண்டாதவன்

என் மனைவிக்கு இளைப்பு முற்றியது. வீட்டில் தறி இருக்கிறது, நாய் இருக்கிறது என்றதும், ஒன்றையாவது வெளியே அனுப்புங்கள் என்றார் டாக்டர். சோறு போடுவது தறி, தின்பது நாய். நல்லவேளை, அந்தக் கணக்கில் அவர் என்னைச் சேர்க்கவில்லை.

அவன் லேப்ரடார். ஆறு வயது. பின்னங்காலில் நின்றால் என் தோள் உயரம். திருடன் வந்தால் வாலை ஆட்டிக்கொண்டு பீரோவைக் காட்டுவான். அவனைக் கொடுக்கப் போகிறேன் என்று கேள்விப்பட்டு விசாரித்தவர்கள் குட்டி இருக்கிறதா என்றார்கள்; இல்லையென்றால் இது கடிக்குமா என்றார்கள். கடிக்காது என்றதும் நழுவினார்கள். எனக்குப் பெண் தேடியபோதுகூட இத்தனை வீடுகள் உதட்டைப் பிதுக்கவில்லை.

கடைசியில், மகள் கல்யாணத்துக்குப் புடவை சொல்ல வந்த முசரவாக்கத்து விவசாயி ஒருவர் மடியில் அவன் தலையை வைத்துப் படுத்துவிட்டான். அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். போகும்போது அவனையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். என் மனைவி வாசலுக்கு வரவில்லை.

இரண்டு நாளில் போன் வந்தது.

"துன்னவே மாட்டேங்குதுபா. சோத்தப் பாத்துக்கினு நின்னுக்கினே இருக்குது."

எனக்காகப் பட்டினி கிடக்கிறான் என்று உள்ளுக்குள் ஒரு பெருமை. துக்க முகத்தைத் தயார் செய்துகொண்டு மொபெட்டில் கிளம்பினேன்.

அங்கே போய்ப் பார்த்தால், பன்றி வராமல் இருக்க வீட்டையும் கத்தரிச் செடிகளையும் சேர்த்துச் சுற்றி முழங்கால் உயரத்தில் நைலான் நூல் கட்டியிருந்தார். தட்டு உள்ளே, சமையல்கட்டு வாசலில். அவன் வெளியே, மாட்டுக்கொட்டகைப் பக்கம். வாயில் எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. தாண்டினால் சோறு. தாண்டவில்லை.

பெருமை இறங்கிவிட்டது. எங்கள் தெருவில் காலையில், தறியில் ஏற்றுவதற்கான பட்டுப் பாவு நூலைத் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டுவோம். குட்டியாக இருந்தபோது ஒருநாள் அதில் பாய்ந்துவிட்டான். அறுந்த இழைகளை முடிந்து முடிந்து எங்கள் விரல் மரத்துப்போயிற்று. அன்றிலிருந்து நூலைப் பார்த்தால் நிற்கப் பழக்கினேன். ரேஷன் கடையில் வரிசைக்குக் கட்டிய கயிற்றைக்கூட அவன் தாண்டியதில்லை. நான் அதைச் சொல்லாமலே கொடுத்திருக்கிறேன். நெசவாளிக்கு இது நாயின் குணமாகவே தோன்றாது, மூச்சு விடுவது மாதிரி.

"மனசு கேக்கலன்னா இட்டுக்கினு போயிடுப்பா. நான் தப்பா நெனச்சிக்க மாட்டேன்" என்றார் அவர்.

கேட்கவில்லைதான். ஆனால் வீட்டில் ஒருத்தி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்குகிறாள்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நூலைத் தாண்டிக் காட்டினேன். திரும்ப இந்தப் பக்கம் தாண்டினேன். அவன் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தான். விவசாயியின் மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். அடுத்த தாண்டலில் கால் மாட்டிக் கத்தரிச் செடிமேல் குப்புற விழுந்தேன். இது மட்டும் பாடத்தில் இல்லை.

நான் எழுந்திருக்கும் முன் அவன் நூலைத் தாண்டி வந்து என் முகத்தை நக்கினான். பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது போலிருக்கிறது. காதை மடக்கி, தலையைத் தாழ்த்தி, திட்டுக்குக் காத்திருந்தான். நான் கழுத்தைத் தடவிக்கொடுத்தேன். தட்டை இழுத்து முன்னால் வைத்தேன். தின்றான், நடுநடுவே என்னைப் பார்த்துக்கொண்டே.

மாலைவரை திரும்பத் திரும்பத் தாண்டவைத்தேன், என் முகத்தைப் பார்க்காமல் தாண்டும்வரை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள்.

"சாப்ட்டானா?"

"ஃபுல்லா."

"அப்போ ஒருநாள் இட்டுக்கினு வாயேன். வெளியிலேருந்தே பாத்துக்கிறேன்."

"இப்போ நூலத் தாண்டுறான்மா. நான்தான் பழக்கிட்டு வந்தேன்."

அவள் நெசவாளி வீட்டில் பிறந்தவள். பாவு கட்டுகிற தெருவுக்கு இனி அவனைக் கூட்டிவர முடியாது என்று அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. என் வேட்டியில் ஒட்டியிருந்த அவன் முடியை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள். அதைத் தொடாதே, இளைப்பு வரும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.